கீழ் வீட்டில் பொங்கிய பால்

எங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதி அனுப்பும் பழக்கமே கிடையாது. எதுவானாலும் குரல் பதிவுதான். காலையில் அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டே அந்தப் பிள்ளை பேசி, தெருவுக்கென்று இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும். பின்னால் குக்கர் விசில் அடிக்கும், கடுகு வெடிக்கும், "இன்னும் குளிக்கலையா நீ" என்று மகளை விரட்டுகிற அதட்டலும் சேர்ந்தே வரும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஊர்ச் செய்தி. இன்றைக்குத் தண்ணீர் எப்போது வரும், நாய்க்கு ஊசி போட எங்கே கொண்டுபோக வேண்டும், கொசு மருந்து அடிக்க வருகிறவர்களைப் பார்த்து யாரும் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது, எல்லாம் அதிலேயே வந்துவிடும். பேப்பர் வாங்கிப் படிக்கிறவர்கள்கூட எங்கள் தெருவில் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் பேப்பரைப் பிரிப்பார்கள்.

அந்தப் பிள்ளை என்னைவிட வயதில் சின்னது. அதனால் எனக்கு அது பிள்ளைதான். மேடையில் ஏறினால் மட்டும் கவுன்சிலரம்மா.

எனக்கு மாவு வியாபாரம். சின்னமனூரில் வாய்க்கால் கரையோரம் இருக்கிற எங்கள் வீட்டின் முன்னறையில் பெரிய கிரைண்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. பாதி வீட்டை அது எடுத்துக்கொண்டது, மீதியில் நாங்கள் இருந்தோம். அரிசியும் உளுந்தும் கழுவிப் போடுவது, ஆட்டுவது, கல்லைக் கழுவுவது எல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. பேசுவது என் பாடு. காலையில் தூக்குச்சட்டியோடு மாவுக்கு வந்து நிற்கிறவர்களின் செல்போன்களிலிருந்தெல்லாம் அந்தப் பிள்ளையின் குரல் கிளம்பும். ஒருத்தி முன்னால் போட்டிருப்பாள், ஒருத்தி கொஞ்சம் பின்னால் போட்டிருப்பாள். "யாராச்சும் ஒருத்தி மட்டும் போடுங்கடி, காது அடைக்குது" என்று கத்துவேன். யார் கேட்டது?

மழை அடித்துப் பெய்தாலும், ஆற்றில் தண்ணீர் கூடுதலாக வந்தாலும் வாய்க்கால் எங்கள் வாசல்படி ஏறி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அதனால் எங்களுக்கும் பக்கத்து வார்டு கரைக்காரர்களுக்கும் சேர்த்து குச்சனூர் ரோட்டில் அடுக்குமாடி கட்டித் தருவதாக முடிவானது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் தெருவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மதினிமாரே, அண்ணன்மாரே, நேத்து ரெண்டாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டாச்சு" என்று ஒருநாள் வரும். "ஜன்னல் வந்து எறங்கியிருக்கு, நானே போயி தொறந்து மூடிப் பாத்தேன்" என்று இன்னொரு நாள் வரும். ஜன்னல் வந்ததற்கு ஒரு தெருவே இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் ஆனால் போதும், ஆளாளுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு சுற்று. நாங்களும்தான். என் வீட்டுக்காரர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

ஒரு காலையில் குக்கர் சத்தம் இல்லாமல் குரல் வந்தது.

"மதினிமாரே, ஒரு சேதி. சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வீடெல்லாம் குலுக்கல்லதான் குடுப்பாகளாம். நடக்க முடியாதவுகளுக்கு மட்டும் மொதல்ல கீழ் வீடு. மத்ததெல்லாம் யாருக்கு எது விழுதோ அதுதான். அப்புறம், பெரிய கிரைண்டரு, மெஷினு இதெல்லாம் மாடி வீட்டுல வைக்கக் கூடாதுன்னு அதிகாரி கண்டிப்பா சொல்லிட்டாக. அதிர்வு ஆகாதாம்."

சட்டியோடு நின்றவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் கையை எட்டி அதை நிறுத்தினார்.

எனக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. கீழ் வீடு விழுந்தால் வீடும் உண்டு, தொழிலும் உண்டு. மாடி விழுந்தால் இரண்டில் ஒன்றுதான். வெளியே கடை பிடித்து மெஷின் போடுகிற வசதி எங்களுக்குக் கிடையாது. ஒரு கல், அதை ஆட்டி இத்தனை வருஷம் சாப்பிட்டோம். அதை வீட்டோடு வைத்துக்கொள்ள ஒரு கீழ் அறை. நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்த வாரமே சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் எங்கள் கவுன்சிலரம்மாவும் பக்கத்து வார்டு கவுன்சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மைக்கைக் கண்டால் விடமாட்டார். குப்பை வண்டியில் ஆரம்பித்து, தெருவிளக்குக்குப் போய், மேகமலைக்குப் போகிற சுற்றுலாக்காரர்களால் பஜாரில் ஆகும் நெரிசல்வரைக்கும் வந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, மேகமல அங்கனதான் இருக்கும், எங்கயும் போகாது. வீட்டுச் சேதியச் சொல்லுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மைக்கை எங்கள் கவுன்சிலரம்மாவிடம் கொடுத்தார்.

நான் எழுந்து, எனக்குக் கீழ் வீடுதான் வேண்டும், இல்லையென்றால் என் தொழில் போச்சு என்று சொன்னேன். சொல்லி உட்காரவில்லை, எனக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "எனக்கும் கீழ் வீடுதான் வேணும். தோட்டத்துல ஏறி எறங்கி முட்டி தேஞ்சு போச்சு."

திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, எதிர்வீட்டுக்காரி. விடியும் முன்னால் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே கேரளத்துப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்புகிறவள். எனக்கும் அவளுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒருநாள் மாவுக்கு வந்தவள், பத்துப் பேர் நிற்கும்போது சட்டியைத் திறந்து பார்த்து, "ஒரே தண்ணியா இருக்கு, இந்த மாவுக்குள்ள அரிசியத் தேடணும் போலயே" என்று சொல்லிவிட்டாள். என் மாவை! நானும் சும்மா இருக்கவில்லை. அதோடு அவள் என் கடைப்பக்கம் வருவதில்லை. நேருக்கு நேர் வாசல், ஆனால் அவள் தெற்கே பார்த்தால் நான் வடக்கே பார்ப்பேன்.

அவளைத் தொடர்ந்து ஆளாளுக்கு எழுந்து கீழ் வீடு கேட்க ஆரம்பித்தார்கள். கவுன்சிலரம்மா மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கீழயே இருந்துக்கிட்டா மேல யாரு இருப்பா? காக்காயா?" என்று கேட்டது. அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது.

அப்புறம் வந்தது அந்தப் பெரிய செய்தி. வேலை முடிந்துவிட்டது, குலுக்கலுக்கு முன்னால் எல்லோரும் வந்து ஒருதடவை வீடுகளைப் பார்த்துக்கொள்ளலாம், வருகிற சனிக்கிழமை. அவ்வளவுதான், குழுவில் ஒரே கூச்சல். புது வீட்டில் முதல்முதலாகச் சனிக்கிழமையா காலை வைப்பது? அதுவும் குச்சனூர் ரோட்டில், சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில்? சனீஸ்வரரைக் கூடவே கூட்டிப்போய் வீட்டில் உட்கார வைக்கவா என்று நானும் ஒரு பதிவு போட்டேன். மறுநாள் காலையில் குக்கர் விசிலோடு, "சரி சரி, வெள்ளிக்கிழமை. இப்பச் சந்தோசமா?" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் தெரு போன அழகைப் பார்த்திருக்க வேண்டும்! பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாகப் பெண்கள். ஒருத்தர் சும்மா கையை வீசிக்கொண்டு வரவில்லை. ஒருத்தி மஞ்சள், குங்குமம் கொண்டுவந்தாள். ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழம். நான் பித்தளைச் சட்டி, பால், சர்க்கரை, ஒரு சின்ன கேஸ் அடுப்பு. எதற்கென்று யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. புது வீட்டைப் பார்க்கப் போகும்போது பால் இல்லாமல் எப்படிப் போவது?

கவுன்சிலரம்மா வாசலில் நின்று எல்லோரையும் கல்யாண வீட்டுக்காரி மாதிரி "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டது. என் கையில் அடுப்பைப் பார்த்ததும் அதன் முகத்தில் ஒரு யோசனை வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"நல்ல நாளு, மதினி. பொதுவா எல்லாருக்குமா சேத்து ஒரு வீட்டுல காய்ச்சிருவமே" என்றது.

"எந்த வீட்டுல தாயி?"

"எதாச்சும் ஒரு வீட்டுல."

எதாச்சும் ஒரு வீடா? என் கால் ஏற்கெனவே நடந்துவிட்டது. முதல் பிளாக்கில் படிக்கட்டை ஒட்டி ஒரு கீழ் வீடு. முன்னறைச் சுவரில் கிரைண்டருக்கென்றே வைத்த மாதிரி ஒரு பிளக். ஜன்னலைத் திறந்தால் மாவுச்சட்டி வாங்கவும் கொடுக்கவும் தோதாகப் பாதை. என் வீட்டுக்காரர் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அங்கேயே அடுப்பை வைத்தேன்.

எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். பால் விளிம்புக்கு ஏறி, கொஞ்சம் யோசித்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. குலவை விட்டோம் பாருங்கள், அந்த வெறும் சுவர்களுக்குள் அது மோதி மோதித் திரும்பி வந்தது. கவுன்சிலரம்மா செல்போனில் படம் பிடித்துக்கொண்டே குலவையும் விட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். எதிர்வீட்டுக்காரி வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குத் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் டம்ளரை நீட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, முட்டியைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டாள். போனால் போ என்று அதையும் நானே குடித்தேன்.

அப்போதுதான் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், கோபித்துக் கத்துகிற ஆள் இல்லை. தரையில் வழிந்திருந்த பாலைப் பார்த்தார், கவுன்சிலரம்மாவைப் பார்த்தார்.

"யாருக்கு எந்த வீடுன்னே இன்னும் முடிவாகல. அதுக்குள்ள குடி வந்துட்டீங்களா?"

கவுன்சிலரம்மா செல்போனை மெல்ல இடுப்பில் சொருகிக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. அந்தக் கீழ் வீட்டைக் கவுன்சிலர் மாவுக்காரிக்கு முன்னாலேயே முடித்துக் கொடுத்துவிட்டதாம், குலுக்கல் சும்மா கண்துடைப்பாம். பக்கத்து வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் ஆட்கள் போய் நின்று நியாயம் கேட்டார்களாம். மறுநாள் காலைப் பதிவில் அந்தப் பிள்ளையின் குரல் கம்மியிருந்தது. "எல்லாருக்கும் தெளிவாச் சொல்லிக்கிறேன். அது பொதுப் பால். எந்த வீடும் யாருக்கும் முடிவாகல. குலுக்கல் எல்லார் கண்ணு முன்னாடியும் நடக்கும்." பாவமாக இருந்தது. ஆனாலும் பொதுப் பால் என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. பால் என்னுடையது, சட்டி என்னுடையது, ஆசையும் என்னுடையதுதானே?

குலுக்கல் அன்றைக்குச் சமுதாயக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் ஒரு பிளாஸ்டிக் குடம், அதற்குள் சுருட்டிப் போட்ட சீட்டுகள். பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய் எடுத்தார்கள். மாடி விழுந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். ஆத்தாடி, சொந்த வீடு! "காத்து நல்லா வரும்", "மல தெரியும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கைதட்டலும் விசிலுமாகக் கூடம் அதிர்ந்தது. நான் மட்டும் அந்தக் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வந்தது. மாவு வழிக்கிற கையைக் குடத்துக்குள் விட்டேன். எடுத்து அதிகாரியிடம் கொடுத்தேன்.

"மூணாவது மாடி."

யாரோ கைதட்ட ஆரம்பித்து நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நின்றார், அப்படியே உட்கார்ந்தார். நான் மேடையை விட்டு எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. நாலைந்து பெயர்கள் போயிருக்கும். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து படியேறிப் போய்ச் சீட்டை எடுத்தாள். அதிகாரி பிரித்துப் படித்தார். முதல் பிளாக். கீழ் வீடு. படிக்கட்டை ஒட்டினது.

பால் பொங்கிய அதே வீடு.

அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, "ரெண்டு பேரும் சம்மதிச்சா வீட்டை மாத்திக்கலாம். ஆனா இப்பவே, இங்கயே சொல்லணும்" என்றார். எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். தலைகளெல்லாம் என் பக்கம் திரும்பின.

நான் எழுந்து நின்றேன். பேசுவதுதானே என் பாடு? வாயைத் திறந்தேன், ஒரு சொல் வரவில்லை. யாரிடம் போய்க் கேட்பேன்? தேய்ந்த முட்டியோடு நிற்கிறவளிடம், உனக்கு விழுந்ததை எனக்குக் கொடு என்றா? அதுவும் இவளிடமா?

அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. கவுன்சிலரம்மா கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"எனக்கு அந்த வீடு வேண்டாம்."

"ஏம்மா?" என்றார் அதிகாரி.

"அங்கன பால் பொங்கிருச்சு."

"அது பொதுப் பால்னு சொல்லிட்டாங்களே."

"சொன்னாக. ஆனா அடுப்பு வச்சது யாரு, சட்டி யாருது, எல்லாம் நானும் பாத்துக்கிட்டுத்தான நின்னேன். இன்னொருத்தி ஆசைப்பட்டுப் பொங்க வச்ச வீட்டுல போயி நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன். எங்க வழக்கத்துல அது இல்ல."

பக்கத்து வார்டு கவுன்சிலர் குறுக்கே வந்தார். "ஏம்மா, வாடகை வீட்டுல ஒருத்தர் போன பெறகு இன்னொருத்தர் பால் காய்ச்சலையா? நீயே இப்ப இருக்குறது வாடகை வீடுதான?"

"குடியிருந்து காலி பண்ணுன வீடு வேற, அண்ணே. இது வேற" என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நேரே என்னைப் பார்த்தாள். "அவ சீட்ட எனக்குக் குடுங்க."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஒருத்தி வாயைத் திறக்க வேண்டுமே! "ஆமா, அது ஆகாது", "எங்க சைடுலயும் ஆகாதும்பாக" என்று நாலா பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. கவுன்சிலரம்மா அதிகாரியைப் பார்த்து, "ஆமா சார், வழக்கம்" என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னது. அவர் சிரித்துவிட்டு இரண்டு சீட்டையும் மாற்றி எழுதினார். கூடம் முழுக்கக் குலவை. என் வீட்டுக்காரர், கல்யாணத்தன்றைக்குக்கூடச் சத்தமாகப் பேசாத மனிதர், இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளிடம் போனேன். கையைப் பிடித்தேன். "ஏண்டி, உன் முட்டி..." என்றேன்.

"தெனம் மல ஏறுறவ நானு. மூணு மாடி எனக்கு ஒரு ஏத்தமா?" என்று சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

நாங்கள் குடிபோனோம். கிரைண்டரை நாலு பேர் இறக்கி முன்னறையில் வைத்த அன்றைக்கே மாவு ஆட்டினேன். கவுன்சிலரம்மாவின் காலைப் பதிவில் எங்கள் கிரைண்டர் சத்தமும் ஒரு செய்தியாக வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது மாடியில் அவள் பால் காய்ச்சினாள். பாலை நான்தான் கொண்டுவருவேன் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தேன். சட்டி நிறையப் பாலோடு நான் கீழிருந்து ஏற, அவள் எனக்கு முன்னால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் மாடிவரைக்கும் வேகமாகத்தான் போனாள். அதற்குமேல் கை கம்பியைப் பிடித்தது. இரண்டாவது மாடி திருப்பத்தில் அவள் கால் அடுத்த படிக்கு எழும்பி, எழும்பாமல் நின்றது. முதுகு ஏறி இறங்கியது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் நான் பார்த்தது தெரிந்துவிடும்.

நான் பால் சட்டியைப் படியில் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தேன்.

சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி, அதுக்குள்ள முடியலையா?" என்று கேட்டாள். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

யாரிடமும் எதற்கும் இறங்கிப் போகாத வாய் என்னுடையது.

"ஆமாடி, முடியல" என்றேன். "செத்த நேரம் இப்படி உக்காரு."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.